ஷூ போட்டுக்கொண்டு கவாத்துக்குப் போனேன்

பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் பெயர் ஈஸ்வரி. ஊர் காமயகவுண்டன்பட்டி. பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறோம். என் வலது காலில் ஒரு விரல் இல்லை. பெருவிரலுக்குப் பக்கத்து விரல், மெட்டி போட்டிருந்த விரல். மற்றதெல்லாம் இருக்கிறது, வாய் உட்பட. சர்க்கரை வியாதிக்காரியைப் பார்க்க வரும்போது கிரீம் பிஸ்கட் வாங்கி வருகிறவர்கள், அதைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

எனக்குச் சர்க்கரை இருப்பது பல வருடமாகத் தெரியும். கம்பத்தில் ஒரு முகாமில் விரலைக் குத்திப் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவேன், தோட்டத்தில் வேலை என்றால் மறப்பேன். தலை சுற்றியதா, மயக்கம் வந்ததா என்றால் ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாத வியாதிக்கு எதற்கு மரியாதை என்று இருந்துவிட்டேன்.

மாசி மாதம், பிஞ்சு பருத்து வருகிற சமயம். பந்தலில் கொடியை இழுத்துக் கட்டுகிற கட்டுக்கம்பித் துண்டுகள் கீழே விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டில் யாரும் பந்தலுக்குள் செருப்போடு போவதில்லை. மோட்டார் ரூம் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். சோறு போடுகிற இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது என்பது மாமனார் காலத்துச் சட்டம். அப்படி வெறுங்காலோடு நடந்ததில் ஒரு கம்பி என் விரலடியில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது தண்ணீர் சிவப்பாகப் போனதைப் பார்த்துத்தான் குனிந்தேன்.

கம்பியைப் பிடுங்கிப் போட்டேன். அதற்கப்புறம் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். கவாத்து என்று கொடியை வெட்டிவிட்டதும், வெட்டின முனையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவோம். அப்படிப் பூசினால் வெட்டுவாய் அழுகாது, பூஞ்சாணம் ஏறாது. திராட்சைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மோட்டார் ரூமில் அந்த நீலத் துத்தம் எப்போதும் இருக்கும். அத்தனை கொடியையும் அழுகாமல் காப்பாற்றுகிற மருந்து, என் ஒரு விரலைக் காப்பாற்றாதா? குழைத்து அப்பினேன். எரியவில்லை. எரியாதது மருந்தின் நல்ல குணம் என்று நினைத்தேன்.

நாலைந்து நாளில் விரல் கத்தரிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. மெட்டி சதைக்குள் புதைந்து போனது. என் வீட்டுக்காரர் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு வந்தார், மெட்டியை வெட்டிவிடலாம் என்று. வாசலில் மதினி நின்றார். மதினி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. தன் புருசன் இறந்தபின் எங்களோடுதான் இருக்கிறார். தன் மெட்டியைக் கழற்ற வைத்த அன்றைக்கு அவர் பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். புருசன் இருக்கும்போது மெட்டியை வெட்டினால் அது யார் உயிருக்கு வினை என்று கேட்டு அழுதார். வீட்டுக்காரர் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் வெட்ட மனசில்லை. விளக்கெண்ணெய் போட்டு உருட்டிப் பார்த்தோம். அதிலேயே இன்னும் இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பத்து டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இங்கே வேண்டாம், நேராகத் தேனிக்குப் போங்கள் என்றார். தேனியில் இந்த மாதிரிக் கால்களுக்கென்றே பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். அன்றைக்கே கார் பிடித்துப் போனோம்.

அங்கே எல்லோரும் காலைப் பார்க்க வந்தவர்கள். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அடுத்தவர் காலைத்தான் பார்த்தோம். என்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். விரலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நீலமாக இருக்கிறதே என்று பதறி, நர்ஸைக் கூப்பிட்டு, ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கிற கருவியை எடுத்து வரச் சொன்னார். அது மருந்து, தோட்டத்து மருந்து என்று சொன்னேன். என்ன மருந்து என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். துத்தமும் சுண்ணாம்பும் சதையை வேகவைத்திருக்கிறது, கம்பி போட்ட புண்ணை அது இரண்டு மடங்காக்கிவிட்டது என்று பிறகுதான் விளக்கினார்.

நர்ஸ் வளையத்தை அறுக்கிற ஒரு சின்ன ரம்பத்தோடு வந்தார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர்.

"வெட்டுங்கம்மா," என்றார். "மெட்டி போனா நான் செத்தா போயிருவேன்? இந்தா, இங்கனதான நிக்கிறேன்."

அறுபட்டு விழுந்த மெட்டியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, வலிக்காக இல்லை. வலிதான் இல்லையே.

அந்த வலி இல்லாததுதான் என் வியாதியே என்பது அடுத்த சோதனையில் தெரிந்தது. நைலான் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொடுவார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டதும் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நேரம் போனது.

"ஏன் டாக்டர் சும்மா நிக்கிறீக? தொடுங்க," என்றேன்.

"தொட்டு முடிச்சுட்டேன்மா," என்றார் அவர்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பதற்றம். என் சொந்தக் காலை இன்னொருவர் பத்து இடத்தில் தொட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காகச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகுமாம். முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் கால் சேதி சொல்லாது. சேதி வராத வீட்டில் திருடன் புகுந்த கதைதான். மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ஒரு ரத்தச் சோதனையும் எடுத்தார்கள். அதன் முடிவைப் பார்த்த நர்ஸ் என்னைத் திட்டவில்லை. திட்டாததே ஒரு மாதிரி இருந்தது.

ரத்த ஓட்டம் பார்க்கிற கருவியைக் கணுக்காலில் வைத்தபோது 'சளக், சளக்' என்று சத்தம் கேட்டது. ரத்தம் இறங்குகிறது, அது நல்லது என்றார்கள். எக்ஸ்ரேயில் விரல் எலும்பு அரித்திருந்தது, அது கெட்டது. விரலை எடுத்தாக வேண்டும். அதோடு நிற்குமா, பாதம் வரை போகுமா என்பது உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும். கையெழுத்துப் போட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் உத்தமபாளையத்து ஜமீலா அக்கா இருந்தார். ஜவுளிக் கடை வைத்திருக்கிற குடும்பம். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொல்லித் தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். நானும் கூடவே சிரிப்பேன். சிரித்துக்கொண்டே போர்வையைப் பார்ப்பேன், அது ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்கும். நாளை நானும் இப்படித்தான் கிடப்பேனோ என்று தோன்றும். கால் போனால் தோட்டம் போனது. பந்தலுக்குள் ஊன்றுகோலோடு யார் நடப்பது, வாய்க்காலை எப்படித் தாண்டுவது? வீட்டில் உட்கார்ந்து, என் தோட்டத்தைப் பற்றி அடுத்தவர் சொல்லிக் கேட்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். அதை நினைத்துத்தான் அழுதேன்.

விரலோடு நின்றது. செத்துப்போன சதையையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது, எங்கள் மொழியில் சொன்னால் அழுகினதைப் பச்சை தெரிகிறவரை வெட்டுவது. தினமும் கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டு. இன்சுலின் ஊசி. நேரத்துக்கு நேரம் விரலைக் குத்திச் சோதனை. காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது, மீதிக்கு வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் செய்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை இல்லாத டீதான் என்று சொன்ன நாளிலிருந்து அவரும் அதையே குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. டீ இனிக்கவில்லை என்றால் கடைக்காரனிடம் சண்டைக்குப் போகிற மனிதர். முதல் வாயில் அவர் முகம் போன கோணலைப் பார்த்து ஜமீலா அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார். மதினியும் சும்மா இருக்கவில்லை. விடிவதற்குள் சமைத்து, டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, அங்கிருந்து தேனி பஸ் பிடித்து, தூக்குவாளியோடு வந்துவிடுவார். வந்து சோற்றை வைத்துவிட்டு, கட்டுப்போட்ட காலைப் பார்த்து, மெட்டி விரல் போச்சே என்று ஆரம்பிப்பார். சோறு அமிர்தமாக இருக்கும், பேச்சு வேப்பங்காயாக இருக்கும். இரண்டையும் தின்றேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில், சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பெயர் தெரியாத பச்சைக் காய்கள், காலையில் ஒரு மணி நேர நடை. அரிசியே கூடாது. தாளை டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன். இதெல்லாம் என்னால் ஆகாது என்றேன். ஆகாது என்று சொன்னால் அடுத்த தடவை பாதம் போகும் என்றார் அவர். கோபப்பட்டார், நானும் கோபப்பட்டேன்.

"டாக்டர், நான் மாட்டேன்னு சொல்லல," என்றேன். "கவாத்து வெட்டும்போது கொடிய மொட்டையா அடிக்க மாட்டோம். துளிர் வர இத்தனை கண்ணு விடணும்னு கணக்கு இருக்கு. எல்லாத்தையும் வெட்டுனா கொடி செத்துப்போகும். எனக்கும் நாலு கண்ணு விட்டு வெட்டுங்க. வெட்டுனத நான் திரும்ப வளர விடமாட்டேன்."

அவர் தாளைத் திருப்பிப் போட்டார். அரை மணி நேரம் பேரம் நடந்தது, கம்பம் மார்க்கெட்டில்கூட நான் இப்படிப் பேசியதில்லை. மத்தியானம் சோறு உண்டு, ஆனால் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையோ அவரைக்காயோ. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கேப்பை தோசை, அதையும் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். டீயில் சர்க்கரை இல்லை. மாத்திரையும் ஊசியும் தவறக்கூடாது. தோட்டத்தில் நடக்கிற நடையே போதும், ஆனால் உள்ளே மெத்தென்று சோல் வைத்த மூடின ஷூ இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது. ஷூவை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக, தினமும் பாதத்தின் அடியை யாராவது பார்க்க வேண்டும். எனக்குக் குனிந்தால் அடிப்பாதம் தெரியாது, இடுப்பு அப்படி. யார் பார்ப்பார்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நான் பாக்குறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதன் கனம் டாக்டருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் பெண்டாட்டி காலைப் புருசன் தொடுவது கல்யாணத்தன்று மெட்டி போடும்போது மட்டும்தான். முதல் சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். நான் கட்டிலில் காலை நீட்ட, அவர் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, விரலிடுக்கு வரை பார்ப்பார். எனக்குக் கூச்சத்தில் உயிர் போகும். ஒருநாள் மதினி தண்ணீர்ச் செம்போடு கதவைத் தள்ளிவிட்டார். நின்ற இடத்தில் நின்றார்.

"ஏலே, பொண்டாட்டி காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, நாலு பேரு பாத்தா என்ன சொல்வாக?" என்றார்.

வீட்டுக்காரர் டார்ச்சை அணைக்கவில்லை. செடிக்கு அடியில் குனிந்து பூச்சி பார்க்கிறேனே, அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுவிட்டு அடுத்த காலை எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் கதவைச் சாத்துவதில்லை.

சித்திரை அறுப்பை அவரே பார்த்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. தோட்டத்தைக் குத்தகைக்கு விடு, ஈஸ்வரி வீட்டில் இருக்கட்டும். மதினியும் அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் போனவளுக்குக் கை போய்விட்டதா? புண் முழுக்க ஆறட்டும், ஆறின பிறகு கேளுங்கள் என்றேன். வைகாசி முழுக்க ஒரு கரண்டி சோற்றோடு தினமும் சண்டை போட்டேன். சில நாள் நான் ஜெயித்தேன், இரண்டு கல்யாண வீடுகளில் சோறு ஜெயித்தது. ஆனால் மறுநாள் திரும்பக் கணக்கை ஆரம்பித்தேன். கம்பத்தில் மறுபடி எடுத்த ரத்தச் சோதனையைப் பார்த்து, தேனி டாக்டர் போனிலேயே சிரித்தார். புண்ணின் மேல் தோல் மூடியது. தோட்டத்துக்குப் போகலாம், ஷூவோடு என்றார்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் கவாத்து. கூலிப் பெண்கள் கத்தரியோடு மோட்டார் ரூம் வாசலில் கூடியிருந்தார்கள். சூடம் கொளுத்தியாயிற்று. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் ஷூவின் பட்டையை இறுக்கினேன். மதினி முன்னால் வந்து நின்றார்.

"ஏத்தா ஈசுவரி, அப்பா காலத்துல இருந்து இந்தப் பந்தலுக்குள்ள செருப்புக் கால் பட்டதில்ல. நீ வெளிய உக்காந்து மேப்பார்வை பாரு. யாரு வேண்டாம்னா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மதினியை நான் எதிர்த்துப் பேசியது அதுவரை வீட்டுக்குள் மட்டும்தான்.

"மதினி, இந்தப் பந்தலு என் விரல ஒண்ணு வாங்கிருச்சு," என்றேன். "இன்னொண்ணு குடுக்க மாட்டேன். தோட்டத்தையும் குடுக்க மாட்டேன். ஷூவோடதான் போவேன், தள்ளுங்க."

அவர் விலகவில்லை. நான் சுற்றிக்கொண்டு போனேன். முதல் கொடியை என் கையால் வெட்டினேன். கூலிப் பெண்கள் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள், பிறகு வேலை அவர்களை இழுத்துக்கொண்டது. மதினியும் வெறுங்காலோடு உள்ளே வந்து, என்னோடு பேசாமல், வெட்டின கொடியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. எல்லோரும் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் வந்து, யாரையும் பார்க்காமல், என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுத் தடவினார். காலுறையை உருவி, என் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டப்பகல், அத்தனை பெண்கள். ஒருத்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் காலை இழுக்கவில்லை. பார்க்கட்டும் என்று நீட்டிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மதினிக்குத்தான் தாங்கவில்லை. கேலியா கோபமா என்று தெரியாத குரலில், "அம்புட்டுப் பெரிய டாக்டராயிட்டியா? அப்ப என் காலையும் பாரு," என்று இரண்டு காலையும் தம்பியின் முன்னால் நீட்டினார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தபடியே அக்காவின் இடது பாதத்தைத் தூக்கி மண்ணைத் தட்டினார். அப்புறம் வலது பாதம். அதைத் தட்டியவர் கை அப்படியே நின்றது.

குதிகாலில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஓரத்துத் தோல் வெளுத்து ஊறிப்போய், நடுவில் கட்டுக்கம்பியின் முனை தெரிந்தது. இன்றைக்கு ஏறின கம்பி இல்லை அது.

"எப்பக்கா குத்துச்சு?" என்றார்.

"எது?" என்றார் மதினி.

யாரும் சிரிக்கவில்லை. மதினி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியாக என் ஷூவைப் பார்த்தார், அப்புறம் என்னை. மெட்டி கழற்றின நாளில் கண்ட அதே முகம். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கம்பியைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார், நான் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீக மதினி. எதையும் பூசவும் வேண்டாம். இப்பவே போறோம்."

"கவாத்து?" என்றார் மதினி.

"கொடி எங்கயும் போகாது."

வீட்டுக்காரர் ஓடிப்போய் மோட்டார் ரூம் வாசலில் கிடந்த அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். பந்தலுக்கு நடுவில் அதைப் பார்த்ததும் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே காலை நீட்டினார். வீட்டுக்காரர் மாட்டிவிட்டார். குதிகாலைத் தூக்கி, முன்னங்காலை மட்டும் ஊன்றி, என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மதினி எழுந்தார். வரப்போரமாகப் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாம், சுற்று வழி என்று சொல்லிவிட்டு, மதினி செருப்புக் காலோடு பந்தலின் நடுவாகவே நடந்தார்.